கம்பெனி தொடங்குமுன் மூன்று கேள்விகள்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

போன மாதம் ஒரு மானாவாரி கிராமத்துக்குப் போயிருந்தேன். நிலக்கடலை விளைகிற ஊர். இருபது பேர் கூடியிருந்தார்கள். "சார், கடலையைக் காயாகவே வியாபாரிக்குப் போட்டு அலுத்துப் போச்சு. நாமே எண்ணெய் ஆட்டி விற்க ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். எந்த மாதிரி கம்பெனி நல்லது?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பெயர்ப் பலகை எழுதுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்.

முதல் கேள்வி: கடன் வந்தால் யார் தலையில் விழும்?

அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் முன்பு நண்பர்களோடு சேர்ந்து கூட்டு வியாபாரம் செய்தவர். கூட்டாளி ஒருவர் வியாபாரத்தின் பேரில் கடன் வாங்கினார்; வியாபாரம் நொடித்தது. கடைசியில் பெரியவர் தன் கிணற்று நிலத்தை விற்று அடைத்தார். "நான் கையெழுத்தே போடலையே" என்றார். போடவேண்டிய அவசியமில்லை. 1932-ஆம் வருஷத்துக் கூட்டு வியாபாரச் சட்டப்படி, வியாபாரத்துக்காக ஒருவர் பட்ட கடனுக்கு எல்லாக் கூட்டாளிகளும் பொறுப்பு. சொந்தச் சொத்தும் தப்பாது. லிமிடெட் கம்பெனியில் அப்படியில்லை. நீங்கள் போட ஒப்புக்கொண்ட பங்குத் தொகையோடு பொறுப்பு முடிந்தது. ஆனால், பாங்க்கில் சொந்த ஜாமீன் கேட்டுக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். படித்துப் பார்த்துப் போடுங்கள்.

இரண்டாவது கேள்வி: யார் சொல்வது நடக்கும்?

சாதாரண பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பொதுவாகப் பங்கு அதிகம் உள்ளவருக்கு ஓட்டு அதிகம். கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. 1904-லேயே திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் கண்டவர்கள் நாம். அந்த முறை நமக்குப் புதிதல்ல. இந்த ஒரு ஓட்டு முறையைக் கம்பெனிக்குள் கொண்டு வந்ததுதான் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி. 2002-ல் செய்த சட்டத் திருத்தத்தில் இதற்கு வழி பிறந்தது. பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் ஐந்து பேருக்குக் குறையாமல், பதினைந்துக்கு மிகாமல் இருக்கவேண்டும். பங்கை வெளி வியாபாரிக்கு விற்க முடியாது. ஆக, பணக்காரர் ஒருவர் கம்பெனியை வளைத்துப்போட வழியில்லை.

மூன்றாவது கேள்வி: கணக்கை யார் எழுதுவது?

இங்கேதான் பல பேர் வழுக்கி விழுகிறார்கள். பதிவு செய்வது ஒரு நாள் கல்யாணம். கணக்கு ஒப்படைப்பது வருஷா வருஷம் நடத்தவேண்டிய குடித்தனம். ஆடிட்டர் தணிக்கை, பொதுக்கூட்டம், இரண்டு வருடாந்தரப் படிவங்கள் எல்லாம் உண்டு. வியாபாரமே நடக்காவிட்டாலும் உண்டு! தவணை தவறினால் பொதுவாகப் படிவம் ஒன்றுக்கு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவமும் ஒரு வருஷம் தூங்கினால் 73,000 ரூபாய். எத்தனை மூட்டைக் கடலை அது! தொடர்ந்து மூன்று வருஷம் விட்டால், இயக்குநர்கள் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக நியமனம் பெற முடியாது.

இன்னொரு விஷயம். பத்து பேர் போதும் என்பது பதிவுக்குத்தான். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தின் உதவிக்கு, சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும், மலைப்பகுதியில் 100 என்று விதி வைத்திருந்தார்கள். உதவி கிடைக்கும் என்று நம்பிப் பத்துப் பேரோடு பதிவு செய்துவிட்டுக் கையைப் பிசையாதீர்கள்.

அப்போ என்னதான் செய்வது? அந்த இருபது பேருக்கு நான் சொன்ன யோசனை இதுதான். முதலில் ஒரு பருவம், பதிவு எதுவுமில்லாமல், கடன் எதுவும் வாங்காமல், ஆளுக்கு இரண்டு மூட்டை கடலை போடுங்கள். கூலிக்கு ஆட்டி விற்றுப் பாருங்கள். வரவு செலவை ஒரே நோட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் வாசியுங்கள். ஆடிட்டர் செலவு போக மிச்சம் வருமா என்று அந்த நோட்டே சொல்லும். வருமென்றால் அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துக்கொண்டு உற்பத்தியாளர் கம்பெனியாகப் பதிவு செய்யலாம். வராதென்றால், இரண்டு மூட்டைக் கடலையோடு பாடம் முடிந்தது. நிலம் நிலமாகவே இருக்கும்.

மேலும் விவரங்களுக்கு உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள். வரும்போது அந்த நோட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.