அப்பா காலத்து ரேடியோவும் அதற்குள் இருக்கும் கண்டென்சரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், வட்டி, டெபாசிட் பற்றி ஏதாவது பேசுங்க" என்றுதான் செயலாளர் கேட்டார். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி இன்ஜினீயர்கள் இத்தனை பேர் எதிரில் மின்சாரம் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, பல வருஷமாக வால்வு ரேடியோக்களைத் திறந்து பார்த்த பொழுதுபோக்குதான்.

இன்று இதைப் பேசக் காரணம் உண்டு. ஊரில் பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது மர்ஃபி, பிலிப்ஸ், புஷ் என்று பழைய வால்வு ரேடியோக்களை நம்மில் சிலர் இங்கே கொண்டுவந்து ஹாலில் வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் தபால் ஆபீசில் லைசன்ஸ் கட்டி அப்பா கேட்ட ரேடியோ. "பாடுதா பார்ப்போம்" என்று பிளக்கைச் செருக யாருக்கும் கை துறுதுறுக்கும். இன்னொரு பக்கம், கிடார் வாசிக்கும் நம் பிள்ளைகள் வால்வு ஆம்ப்ளிஃபையர் தேடுகிறார்கள். அதில் பழைய காலத்துக் கெபாசிட்டர் போட்டால்தான் டோன் இனிமையாக வரும் என்றும் நம்புகிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். பெட்டி பழையதாக இருக்கட்டும், கெபாசிட்டர் புதியதாக இருக்கட்டும்.

கெபாசிட்டர் நமக்குப் புதிதல்ல. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மாற்றிவிட்டுப் போகிறாரே, அதே ஜாதிதான். பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். வால்வு செட்டில் அதற்கு முக்கியமாக இரண்டு வேலை.

முதல் வேலை, சேமிப்பு. மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டு சீராகக் கொடுக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இதைச் செய்கிறது. அதற்குள் அலுமினியத் தகட்டின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். பல வருஷம் மின்சாரமே பார்க்காமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகிவிடும், உள்ளே உள்ள திரவமும் காயும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் சூடாகும், வாயு சேரும், வெடிக்கவும் செய்யும்.

இரண்டாவது வேலை, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்குப் பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு, உயர் வோல்டேஜைத் தடுத்து நிறுத்துவது. வங்கிக் கவுன்ட்டர் கண்ணாடி மாதிரி: பேச்சு கடக்கும், கஜானா கடக்காது. பழைய செட்களில் இந்த இடத்தில் மெழுகு பூசிய காகிதக் கெபாசிட்டர் இருக்கும். காகிதம் ஈரத்தை இழுக்கும். நம் சென்னைப் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஈரம் ஏறினால் கசிவு தொடங்கும்.

அந்தக் கசிவுக்கு ஒரு கணக்கு போடலாம். முதல் வால்வில் 200 வோல்ட். கெபாசிட்டரின் கசிவுத் தடை 50 மெகா ஓம், அடுத்த வால்வின் கிரிட்டில் உள்ள ரெசிஸ்டர் அரை மெகா ஓம். கிரிட்டுக்கு வந்து சேர்வது சுமார் 2 வோல்ட். சின்னத் தொகைதான். ஆனால் அந்த அவுட்புட் வால்வு சுமார் மைனஸ் 7 வோல்ட்டில் அடங்கி நடக்க வேண்டியது என்றால், 2 வோல்ட் குறைந்தாலே அது அளவுக்கு மீறி கரண்ட் இழுக்கும். முதலில் வால்வு போகும், பிறகு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். சில ரூபாய்ப் பொருளை மாற்றாததால், இன்று தேடினாலும் கிடைக்காத பொருள் போய்விடும்.

கிடார் பிள்ளைகளுக்கு: 1960-களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர்களில் இருந்த கடுகு மஞ்சள் நிறக் கெபாசிட்டருக்கு உலகம் முழுக்க மவுசு. அது பாலியெஸ்டர் ஃபிலிம், அதனால்தான் இன்னும் தாங்குகிறது. அதைச் சாக்காக வைத்து, எந்தப் பழைய காகிதக் கெபாசிட்டரையும் அதிக விலைக்கு வாங்காதீர்கள். டோனில் பெரிய பங்கு வால்வுக்கும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கும், ஸ்பீக்கருக்கும்தான். ரிச்சி தெருவில் அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், 630 வோல்ட் தாங்கும் புது ஃபிலிம் கெபாசிட்டர் வாங்கிப் போடுங்கள். கணக்குப் பாடத்தில் படித்த தேய்மானம் இங்கேயும் உண்டு. பழசு என்பதற்காக எல்லாமே சொத்தாகிவிடாது, சில பழசு பொறுப்புப் பக்கத்தில்தான் வரும்.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்கள்.

ஒன்று, பின் பக்க அட்டையைக் கழற்றி எதையும் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ரேடியோவில் 200, 300 வோல்ட், கிடார் ஆம்ப்ளிஃபையரில் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கலாம்.

இரண்டு, மெயின் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ஏசி/டிசி செட்கள் உண்டு. அவற்றில் மெயின் ஒயர் ஒன்று நேராக உலோகச் சட்டத்துக்கே போகும். இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்க 230 வோல்ட். குமிழ் கழன்ற தண்டைக் குழந்தை தொட்டால் போதும். வால்வுகளின் பெயர் யுசிஎச் 42, யுஎல் 41 என்று 'யு'வில் தொடங்கினால் பெரும்பாலும் அந்த வகைதான். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை இயக்கவே கூடாது.

மூன்று, மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதைக் கேளுங்கள்: "காகிதக் கெபாசிட்டரும் எலக்ட்ரோலிட்டிக்கும் எல்லாம் மாற்றினீங்களா? முதல் தடவை சீரீஸ் பல்பு வைத்துத்தான் ஆன் பண்ணினீங்களா?" விஷயம் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். மைக்கா, செராமிக் வகைகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அவற்றை அளந்து பார்த்து விட்டுவிடலாம். கழற்றிய பழையவற்றை ஒரு கவரில் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938-ல். அந்த நிலையத்தைக் கேட்ட பெட்டிகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. மீடியம் வேவில் நிகழ்ச்சி இன்றும் வருகிறது. ஒழுங்காகப் பார்த்தால் பேரனும் கேட்பான்.

யார் வீட்டிலாவது வால்வு ரேடியோ இருந்தால், பிளக்கைச் செருகும் முன் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து பார்க்கிறேன். ஒரு காபி கொடுத்தால் போதும்.