தடுக்கிற இடம்



சாயங்காலம் தெருவில் நடந்துபோகும்போது ஏதோ ஒரு வீட்டிலிருந்து வீணைச் சத்தம் வரும். ஒரு பிள்ளை வர்ணம் வாசித்துக்கொண்டிருக்கும். பல்லவி அழகாக வரும், அனுபல்லவியும் வரும். சரணத்து எத்துக்கடை சுரத்தில் ஓரிடத்தில் கை தடுக்கும். உடனே அந்தப் பிள்ளை மறுபடி பல்லவியிலிருந்து ஆரம்பிக்கும். திரும்பவும் அதே இடம், அதே தடுக்கல். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாக வரும் பல்லவி பத்துத் தடவை வாசித்தாயிற்று. தப்பையும் பத்துத் தடவை வாசித்தாயிற்று. கைக்குச் சரி, தப்பு தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும்.

சின்ன வயதில் நானும் இப்படித்தான் வாசித்தேன். மாற்றியவர் என் வீணை டீச்சர்.

அப்போது மோகன ராகத்தில் பூச்சி சீனிவாச ஐயங்காரின் ஆதி தாள வர்ணம் பாடம். மோகனத்தில் மத்திமம் கிடையாது. மேலேயிருந்து இறங்கும்போது பஞ்சமத்திலிருந்து நேரே காந்தாரத்துக்கு வர வேண்டும். வீணையில் அது ஏழாவது மெட்டிலிருந்து நான்காவது மெட்டுக்கு ஒரு தாவல். தண்டியின் அந்தப் பக்கத்தில் மெட்டுகள் அகலமாக இருக்கும். மெதுவான முதல் காலத்தில் சரியாக விழும் விரல், வேகமான இரண்டாம் காலத்தில் சற்றுத் தள்ளி விழும். நாதம் மழுங்கிப்போகும்.

டீச்சர் வர்ணத்தை நிறுத்தச் சொன்னார். சமையலறைக்குப் போய் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து என் இடது பக்கம் வைத்தார். "ப, க. இந்த ரெண்டு சுரம் மட்டும் வாசி. சரியா வந்தா ஒரு கொட்டையை வலது பக்கம் தள்ளு. தப்பினா எல்லாத்தையும் திரும்ப இந்தப் பக்கம் வை" என்றார். ஏழு கொட்டை தள்ளிய பிறகு தப்பும்போது அழுகை வரும். ஆனால் எட்டாவது, ஒன்பதாவது தடவை வாசிக்கும்போது காது எவ்வளவு கூர்மையாகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பத்தும் வலது பக்கம் போனதும், முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம் சேர்த்தார். பிறகு அரை ஆவர்த்தனம், அதன்பின் முழு ஆவர்த்தனம். அன்றைக்கு வர்ணத்தை முழுதாக வாசிக்கவே இல்லை.

வாசிப்பது வேறு, சாதகம் செய்வது வேறு. தெரிந்ததை அனுபவிப்பது வாசிப்பு. அதுவும் வேண்டும்தான், கடைசியில் பத்து நிமிடம் ஆசை தீர வாசியுங்கள். ஆனால் சாதகம் என்பது தெரியாத இடத்தில் உட்கார்வது.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசிக்கச் சொல்வது மூன்றாம் காலத்துக்குச் சீக்கிரம் போவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். வீணையில் முதல் காலம்தான் கஷ்டம். மீட்டிய நாதம் சீக்கிரம் தேயும். அடுத்த சுரம் வரும்வரை அதைக் காப்பாற்ற வேண்டும். சுருதி விலகினால் உடனே தெரிந்துவிடும். வேகமாக வாசித்தால் குறைகள் மறைந்துகொள்ளும். அதனால்தான் தடுக்கும் இடத்தை முதலில் விளம்பமாகப் பிடிக்க வேண்டும்.

வாசிப்பதற்கு முன் அந்த வரியைத் தாளம் போட்டு வாயால் பாடிப் பாருங்கள். வாயில் வராதது விரலில் வராது. கைபேசியில் பதிவுசெய்து கேட்பதும் நல்லது. வாசிக்கும்போது காதுக்குப் படாத தப்பு, கேட்கும்போது பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு நேரம் என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். பத்தாயிரம் மணி நேரம் என்ற கணக்கு ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அதற்கு மூலம் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றி உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு. சிறந்த மாணவர்கள் தனியே உட்கார்ந்து அதிக நேரம் சாதகம் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் இடைவெளி விட்டு விட்டுத்தான் செய்தார்கள், பகலில் கொஞ்சம் தூங்கவும் செய்தார்கள். இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிடத் தினமும் இருபது நிமிடம் மேல். இன்று வராத பிடி, ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு தானாக விழுவதை, வாத்தியம் கற்றுக்கொள்பவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள்.

விரல் நுனி காய்த்துப்போவது இயல்பு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் போதும். ஆனால் மணிக்கட்டோ தோளோ வலித்தால் அன்றைக்கு வாத்தியத்தைக் கீழே வைத்துவிடுங்கள். வலியோடு வாசித்துப் பழகிய கையைத் திருத்துவது மிகவும் சிரமம்.

பெற்றோர்களே, "ஒரு மணி நேரம் வாசித்தாயா?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். "இன்றைக்கு எந்த இடம் தடுத்தது? அதை ஒரு தடவை வாசித்துக் காட்டு" என்று கேட்டு, பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். உங்களுக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்துப் புளியங்கொட்டை இருந்தால் போதும்.