ஒப்சன் வர்த்தகம்: தொடங்குவோர் முதலில் அறிய வேண்டியவை



ஒப்சன் வர்த்தகம் கற்க விரும்பும் தமிழ் இளையோருக்குப் பாசல் நகரம் பொருத்தமற்ற இடமன்று. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சுவிஸ் பாங்க் கோர்ப்பரேசன், 1992 இல் சிக்காகோ நகரின் ஓ'கொனர் என்னும் ஒப்சன் வர்த்தக நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. பின்னர் 1998 இல் அவ்வங்கி சூரிச் நகரின் பெருவங்கியுடன் இணைந்து உருவானதே இன்றைய யூபிஎஸ். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவமுடைய வங்கியே இத்தொழிலைப் பிறரிடமிருந்து பெற வேண்டியிருந்தது. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணிநேரம் காணொளி பார்த்துக் கற்பவர் இதனை மனத்திற் கொள்வது நல்லது.

குறித்த நாளிலோ அதற்கு முன்போ, குறித்த விலைக்கு ஒரு பங்கை வாங்கும் உரிமை 'கோல்' எனப்படும். விற்கும் உரிமை 'புட்' எனப்படும். அவ்வுரிமைக்குச் செலுத்தும் விலையே பிறீமியம். நொவார்ட்டிஸ் பங்கு 100 பிராங்கில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்திற்குள் அதனை 105 பிராங்கிற்கு வாங்கும் உரிமையை, பங்கொன்றுக்கு 3 பிராங் வீதம் 100 பங்குகளுக்கு ஒருவர் வாங்குகின்றார். செலவு 300 பிராங். மூன்று மாத முடிவில் பங்கு 104 இல் நிற்கின்றது. விலை ஏறும் என்ற அவரது கணிப்புப் பலித்துவிட்டது. ஆயினும் 300 பிராங்கும் போய்விட்டது. பங்கையே நேரடியாக வாங்கியவரோ பங்கொன்றுக்கு 4 பிராங் இலாபத்தில் இருக்கின்றார். ஒப்சனைக் கெடுவரை வைத்திருப்பவர் போட்ட பணத்தை மீட்பதற்கே விலை 108 ஐத் தொட வேண்டும்.

மருந்து நிறுவனங்களின் நகரமான பாசலில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மருந்தின் ஆய்வு முடிவு வெளிவருவதற்கு முன் பிறீமியம் வீங்குவதும், முடிவு வந்த மறுநாளே சுருங்குவதும் வழமை. நல்ல செய்தி வந்தும் ஒப்சனின் விலை விழுந்ததைக் கண்டு திகைப்பவர்கள் பெரும்பாலும் புதியவர்களே.

வாங்குபவருக்கு நட்டத்தின் எல்லை தெரியும். உரிமையை விற்பவருக்கு அவ்வாறன்று. பல மாதங்கள் பிறீமியம் சிறு வருமானமாக வந்துகொண்டிருக்கும்; ஒரே நாளில் அனைத்தும் போகலாம். கையில் பங்கில்லாமல் கோல் விற்றவரின் நட்டத்திற்கு மேலெல்லையே இல்லை.

ஒப்சன் பக்கமே போகாதவரும் அறியாமல் ஒப்சன் விற்றிருக்கக் கூடும். சுவிற்சர்லாந்து வங்கிகள் விற்கும் 'ரிவேர்ஸ் கொன்வேர்ட்டிபிள்' என்னும் முதலீட்டைப் பாருங்கள். சேமிப்புக் கணக்கைவிடப் பல மடங்கு வட்டி தருவதாகக் கூறப்படும். குறித்த பங்கு குறித்த எல்லைக்குக் கீழே சென்று முடிந்தால், முதலுக்குப் பதிலாக விலை விழுந்த பங்குகளே கையில் கிடைக்கும். வாடிக்கையாளர் இங்கே புட் ஒன்றை விற்றிருக்கின்றார். வட்டி என்று வந்ததன் பெரும்பகுதி அதற்கான பிறீமியமே. அத்துடன் வெளியிட்ட நிறுவனமே வீழ்ந்தால் என்னாகும் என்பதை 2008 இல் லேமன் பிரதர்ஸ் வங்குரோத்தானபோது இந்நாட்டுச் சேமிப்பாளர் பலர் கண்டனர். 'முதல் பாதுகாக்கப்பட்டது' என்ற பெயருடன் விற்கப்பட்டவையும் அப்போது தப்பவில்லை.

இந்தியாவின் செபி அமைப்பு 2024 செப்ரெம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்தது. எதிர்கால ஒப்பந்தங்களிலும் ஒப்சன்களிலும் ஈடுபட்ட ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டியது. இலாபம் பெரும்பாலும் கணினி நிரல்களால் வர்த்தகம் செய்யும் பெருநிறுவனங்களைச் சேர்ந்தது.

வரி பற்றியும் ஒரு சொல். சுவிற்சர்லாந்தில் தனியாரின் பங்கு இலாபத்திற்குப் பொதுவாக வருமான வரி இல்லை. ஆனால் வரித் திணைக்களத்தின் 2012 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஐந்து நிபந்தனைகளைக் கூறுகின்றது. ஒப்சன் போன்றவற்றைத் தமது பங்குகளைப் பாதுகாப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தொழில்முறை வணிகர் என்று கருதப்பட்டால் இலாபத்திற்கு வருமான வரியும் முதியோர் காப்புறுதிக் கட்டணமும் செலுத்த நேரும்.

பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியராயிருந்த டானியல் பெர்னூலி 1738 இல் எழுதிய கட்டுரையில், ஒரே தொகை செல்வந்தருக்கும் வறியவருக்கும் ஒரே பெறுமதியுடையதன்று என்று காட்டினார். வங்கிக்கு 5,000 பிராங் ஒரு கணக்குவரி. உணவகச் சமையலறையில் உழைக்கும் தந்தைக்கு அது பிள்ளையின் படிப்பு. ஆகவே சீட்டுப் பணமும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் இதற்குள் வரக்கூடாது.

தொடங்குபவர் பணமில்லாத பயிற்சிக் கணக்கில் ஆறு மாதமாவது பழகட்டும். ஒவ்வொரு முறையும் கட்டளையிடுவதற்கு முன் கெடு நாள், பணம் மீளும் விலை, அதிகபட்ச நட்டம் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். மூன்றாவது இடம் வெறுமையாக இருந்தால் அன்று அந்த வர்த்தகம் வேண்டாம்.