ஊடலில் பிறந்த நகைச்சுவை



வாளையாற்றைக் கடந்தும், கோவிந்தாபுரத்தைக் கடந்தும், போடிமெட்டிலும் குமுளியிலும் மலையேறியும் கேரள மாநிலத்திற்குள் சென்று வாழ்கின்ற தமிழ் மக்கள் பலர். பாலக்காட்டுச் சமவெளியில் கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக உழுது வாழ்பவர்கள் உண்டு. இடுக்கி மலைகளில் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் வாழ்வை அமைத்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களை மனத்தில் கொண்டே இன்றைய பேச்சுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். பம்பாயிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் தமிழருக்கும் அது பொருந்தும் என்று நம்புகிறேன்.

பொருள் இதுதான். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் சேர்ந்து நடித்த 'மிஸ்ஸியம்மா' என்ற படம் 1955-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பொங்கலை ஒட்டி வெளிவந்தது. அதில் வாள்வீச்சு இல்லை. பெருஞ்செலவில் எழுப்பிய அரண்மனை இல்லை. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்பும் வீட்டில் பாட்டியும் பேத்தியும் ஒன்றாக அமர்ந்து அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். காலம் மாறியும் அந்தச் சிரிப்பு மாறாமல் இருப்பதற்குக் காரணம் என்ன?

முதலில் கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். ஒரு ஜமீன்தாரும் அவர் மனைவியும், சிறு வயதில் காணாமற்போன தங்கள் மூத்த மகளின் நினைவாக ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். ஆசிரியர்களாக, பட்டம் பெற்ற கணவனும் மனைவியுமே வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார்கள். பாலு என்னும் இளைஞனுக்குப் பட்டம் இருக்கிறது, வேலை இல்லை. மேரி என்னும் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் பட்டம் இருக்கிறது. அத்துடன் தந்தை பட்ட கடனும் இருக்கிறது. கடன் கொடுத்தவனோ அவளையே மணக்கக் கேட்கிறான். வேறு வழியின்றி இருவரும் கணவன் மனைவி போல நடித்து அந்த வேலையில் சேர்கிறார்கள். வெளியே தம்பதிகள்; உள்ளே ஓயாத சண்டை. அந்தச் சண்டையே மெல்ல மெல்ல அன்பாகிறது.

இந்தக் கதை வேலையில்லாத் திண்டாட்டத்தில் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. பிழைப்புக்காக வேறோர் ஊருக்குச் சென்று, அந்நியர் வீட்டில், அந்த வீட்டுக்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டிய நிலை இருவருக்கும் வருகிறது. ஊர் விட்டு ஊர் சென்றவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இனி நகைச்சுவைக்கு வருவோம். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையையே முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடமை ஆகிய நான்கும் நகை பிறக்கும் இடங்கள் என்று அவர் வகுத்தார். பிறரை எள்ளி எழுப்பும் சிரிப்பு விரைவில் பழசாகிவிடும். எள்ளப்பட்டவர் மறைந்தால் சிரிப்பும் மறையும். மிஸ்ஸியம்மாவில் எள்ளல் குறைவு. இளமையின் வேகமும், தம் நெஞ்சைத் தாமே அறியாத இருவரின் பேதைமையுமே அங்குச் சிரிப்பை விளைவிக்கின்றன. 'எனக்கு அவர் யாரோ' என்று சொல்லும் மேரி, பாலு ஜமீன்தாரின் இளைய மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதைக் கண்டு பொறாமை கொள்கிறாள். யாரோ ஒருவர் யாருக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் இவளுக்கு என்ன? இந்தக் கேள்வியைப் பார்ப்பவர் கேட்கிறார். மேரி மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. அங்கேதான் நாம் சிரிக்கிறோம்.

தமிழில் இதற்கு அழகான சொல் ஒன்று உண்டு: ஊடல். மருதத் திணையின் உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறளின் 133 அதிகாரங்களில் கடைசி அதிகாரத்துக்கு ஊடலுவகை என்பது பெயர். அறத்தில் தொடங்கிய நூலை வள்ளுவர் கணவன் மனைவியின் செல்லச் சண்டையில் கொண்டு வந்து முடிக்கிறார். அதற்கு முந்திய அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள், 'யார் நினைத்ததால் தும்மினீர்?' என்று கேட்டு அழுகிறாள். மேரியின் பொறாமைக்கும் அந்தப் பெண்ணின் பொறாமைக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! ஆனால் உறவு மிக நெருக்கமானது.

மேல்நாட்டிலும் இதே உண்மையைக் கண்டிருக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டு ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' என்ற அமெரிக்கப் படத்தில் கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும் வழிப்பயணத்தில் கணவன் மனைவி போல நடித்து ஒரே அறையில் தங்குகிறார்கள். நடுவே கயிறு கட்டிப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் போர்வைச் சுவர் என்று விழும் என்பதே கதை. ஸ்பென்ஸர் டிரேசியும் காதரின் ஹெப்பர்னும் 1942 முதல் 1967 வரை ஒன்பது படங்களில் இணைந்து நடித்தார்கள். அவற்றுள் ஒன்றில் கணவனும் மனைவியும் ஒரே வழக்கில் எதிரெதிராக வாதாடும் வழக்கறிஞர்கள். இந்த இணைகள் இன்றும் போற்றப்படுவதற்கு ஒரு பொதுக் காரணம் உண்டு. இருவரில் ஒருவர் உயர்ந்தவர், ஒருவர் தாழ்ந்தவர் என்ற நிலை அங்கு இல்லை. ஒருவர் சொல்லுக்கு மற்றவரிடம் பதில் இருக்கிறது. சமமானவர்கள் சண்டையிடும்போதுதான் பார்ப்பவர்க்கு இன்பம். பலசாலி எளியவரை அடக்குவதைக் கண்டு யார் சிரிப்பார்?

ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அந்தச் சமநிலையைக் காத்தார்கள். முதலில் மேரி வேடத்துக்கு அமர்த்தப்பட்டவர் பானுமதி. தயாரிப்பாளருடன் ஏற்பட்ட மாறுபாட்டால் அவர் விலக, இரண்டாவது பெண் வேடத்துக்கு எண்ணப்பட்டிருந்த சாவித்திரிக்கு அது வந்தது. அந்த வாய்ப்பை அவர் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார் என்பதை உலகம் அறியும். அவருக்குக் கோபம் முதலில் கண்ணில் வரும். பிறகே சொல்லில் வரும். ஜெமினி கணேசனோ குரலை உயர்த்தாமல், எதிரில் இருப்பவருக்கு இடம் விட்டு நடித்தார். கதாநாயகன் எல்லோரையும் வெல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட காலத்தில், ஒரு பெண்ணிடம் தோற்பதற்கு நாணாத கதாநாயகன் அவர். ஊடலில் தோற்றவரே வென்றவர் என்பது வள்ளுவர் கருத்தும் அல்லவா?

இனி எல்லைப்புறத் தமிழர்க்கு உரிய ஒரு செய்தியைச் சொல்கிறேன். அந்தப் படத்தில் நிலவை அழைத்து முறையிடும் ஒரு பாட்டு உண்டு. அவன் அவளைப் பற்றி நிலவிடம் குறை சொல்கிறான். அவள் அவனைப் பற்றிச் சொல்கிறாள். பாலுவுக்குக் குரல் கொடுத்தவர் ஆந்திர நாட்டுச் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த ஏ. எம். ராஜா. மேரிக்குக் குரல் கொடுத்த பி. லீலா பிறந்த ஊர் எது தெரியுமா? பாலக்காட்டுச் சிற்றூர். கொழிஞ்சாம்பாறைக்கு அண்மையில் உள்ள அதே சிற்றூர்தான். தெலுங்கு நாட்டுச் சித்தூரும் கேரளத்துச் சிற்றூரும் தமிழில் ஊடின. தமிழகம் கேட்டு மகிழ்ந்தது.

இன்னும் எண்ணிப் பாருங்கள். மேரியாக நடித்த சாவித்திரி குண்டூர் மாவட்டத்தில் பிறந்த தெலுங்குப் பெண். கடன் கொடுத்து வதைக்கும் டேவிட்டாக நடித்த எம். என். நம்பியார் வட மலபாரிலிருந்து வந்த மலையாளி. இயக்குநர் எல். வி. பிரசாத் தெலுங்கர். கதையின் மூலமோ ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய ஒரு வங்காள நாடகம். அதே சமயத்தில் தெலுங்கிலும் இப்படம் வெளிவந்தது. அங்கு நாயகன் என். டி. ராமராவ். 1957-இல் 'மிஸ் மேரி' என்ற பெயரில் ஹிந்தியிலும் வந்தது. அதில் ஜெமினி கணேசனுடன் மீனாகுமாரி நடித்தார். இத்தனை மொழியினர் கூடி ஆக்கிய சமையலைத்தான் நாம் தமிழ்ச் சுவை என்று உண்டு மகிழ்ந்தோம். அது தமிழ்ச் சுவைதான், அதில் ஐயமில்லை. வந்தவர்கள் தமிழை மதித்துக் கற்றுப் பேசினார்கள். தமிழும் அவர்களுக்கு இடம் கொடுத்தது.

படம் வெளிவந்தபோது பாலக்காடு சென்னை இராஜ்யத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சிற்றூரும், தேவிகுளம், பீர்மேடு மலைகளும் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்தில் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி இவையெல்லாம் கேரளத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் சேர்வது என்பது அந்நாளில் பலர் நெஞ்சைக் கொதிக்கவைத்த கேள்வி. அதன் பின்னும் பூசல்கள் வராமல் இல்லை. 2011-ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய தகராறு முற்றியபோது குமுளி வழியாகப் போக்குவரத்தே நின்றது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் மலையேறி ஏலத் தோட்டத்துக்குச் சென்று கூலி பெறும் மக்கள், வேலைக்குப் போக முடியாமல் தவித்தார்கள்.

இங்குதான் ஊடலுக்கும் பகைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர வேண்டும். ஊடலுக்கு அளவு உண்டு. உணவில் உப்புப் போல் இருக்க வேண்டும் என்பார் வள்ளுவர். மறுநாளும் இந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று எண்ணிச் சண்டையிடுவது ஊடல். இனி இந்த முகமே வேண்டாம் என்று எண்ணிச் சண்டையிடுவது பகை. பாலுவும் மேரியும் எவ்வளவு சினந்தாலும் மறுநாள் காலையில் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவர்கள். பாலக்காட்டுச் சந்தையிலும் மூணாற்றுத் தோட்டத்திலும் தமிழரும் மலையாளியரும் அப்படிப்பட்டவர்களே.

ஆயினும் படத்தில் ஒரு குறையை நான் காண்கிறேன். கதையின் முடிவில், மேரி உண்மையில் அந்த ஜமீன்தார் தம்பதிகளின் காணாமற்போன மகளே என்பது தெரியவருகிறது. அந்த வீட்டுப் பெண்ணே அந்த வீட்டுக்குத் திரும்பினாள் என்று ஆனபின், வேற்றுச் சமயத்துப் பெண்ணை அவ்வீடு ஏற்குமா என்ற கேள்வியே எழாமற்போகிறது. சங்கடமான கேள்வியைக் கதை சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டது.

வாழ்க்கையில் நமக்கு அந்த வசதி இல்லை. வந்த ஊரில் வாழும் தமிழன், ஒரு நாள் தான் அந்த வீட்டின் காணாமற்போன பிள்ளை என்று கண்டுபிடிக்கப்படப்போவதில்லை. தமிழனாகவே அங்கு வாழ வேண்டும். தமிழனாகவே நேசிக்கப்பட வேண்டும். இதற்கு வழி என்ன? முடிவை விட்டுவிட்டு, படத்தின் நடுப்பகுதியைப் பார்க்கச் சொல்வேன். அங்கு மேரி தன் வழிபாட்டை விடவில்லை. மேரி மாதாவை நோக்கி அவள் பாடும் பாட்டும் லீலாவின் குரலில் இருக்கிறது. அதே சமயத்தில் அந்த வீட்டாரின் அன்புக்குக் கதவையும் அடைக்கவில்லை. பிள்ளைகள் மலையாளத்தை நன்றாகக் கற்கட்டும். வாழும் ஊரின் மொழியை அறியாதவன் அவ்வூருக்கு என்றும் விருந்தாளிதான். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் வீடே பள்ளியாகட்டும். பழைய படம் ஒன்றைப் பிள்ளையோடு அமர்ந்து பார்த்து, 'இவள் ஏன் இப்போது கோபித்துக்கொண்டாள்?' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தமிழில் விளக்கத் தொடங்கினால் அதுவே ஒரு பாடம்.

திரையில் ஊடிக் கூடிய அந்த இருவரும் வாழ்க்கையிலும் 1952-இல் மணந்துகொண்டவர்கள், பின்னர் பிரிந்தவர்கள். சாவித்திரி ஓராண்டுக்கு மேல் நினைவிழந்து கிடந்து, 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி மறைந்தார். ஜெமினி கணேசன் 2005-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி மறைந்தார். அந்தத் துயரத்தை அறிந்தவர்களும் மிஸ்ஸியம்மாவைக் கண்டால் சிரிக்கவே செய்கிறார்கள். கலை தன் வேலையைச் செய்கிறது.

2018-ஆம் ஆண்டு சாவித்திரியின் வாழ்க்கை தெலுங்கில் படமாகி, தமிழில் 'நடிகையர் திலகம்' என்ற பெயரில் வந்தது. சாவித்திரியாக நடித்துத் தேசிய விருது பெற்ற கீர்த்தி சுரேஷ், மலையாளத் தந்தைக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த பெண். ஜெமினி கணேசனாக நடித்த துல்கர் சல்மான் மலையாளி. தெலுங்குப் பெண்ணும் தமிழ் ஆடவனும் தொடங்கிய ஊடலைத் தொடர்ந்து நடிக்கக் கேரளத்திலிருந்து இருவர் வந்தார்கள். வாளையாற்றிலும் குமுளியிலும் சோதனைச் சாவடிகள் இருக்கலாம். சமமானவர்கள் அன்போடு இடும் சண்டையையும், அதில் பிறக்கும் சிரிப்பையும் எந்தச் சாவடியும் தடுத்து நிறுத்தியதில்லை.