எட்டு மாதப் பாதிரியார்

மட்டக்களப்பு நகரில் வில்லியம் ஓல்ட் என்ற வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு ஒரு சிலை இருக்கிறது. இந்த ஊரில் அவர் வாழ்ந்தது எட்டே மாதம். அப்படியென்ன செய்துவிட்டார்?

இலங்கையில் மெதடிஸ்த ஊழியம் தொடங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் தோமஸ் கோக் என்ற முதியவர். 1813 டிசம்பர் கடைசியில் ஆறு இளம் போதகர்களோடு இங்கிலாந்தில் கப்பலேறினார். கரையைக் காணவில்லை. 1814 மே 3ஆம் தேதி இந்துமாக்கடலில் காலமானார். உடலைக் கடலிலேயே அடக்கம் செய்தார்கள். ஓல்டின் மனைவியும் அதே பயணத்தில் இறந்துபோனார். தலைவர் இல்லை, கையில் காசும் இல்லை. பம்பாயில் ஒரு வணிகர் நம்பிக் கைகொடுத்ததால்தான் அந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஜூன் இறுதியில் காலியில் வந்திறங்கினார்கள். அங்கே கூடி, யார் எந்த ஊருக்கு என்று முடிவு செய்தபோது யாழ்ப்பாணத்துக்கு இருவர் போனார்கள். மட்டக்களப்புக்கு வந்தது மனைவியைப் பறிகொடுத்த ஓல்ட், தனியாக.

வந்தவர் தமிழ் படித்தார், பிரசங்கம் செய்தார், ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிகள் என்பார்கள். 1815 ஏப்ரலில் அவரும் கண்மூடினார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை 1814இலிருந்துதான் எண்ணுகிறது. வின்சென்ட் மகளிர் பாடசாலை அடுத்த சில ஆண்டுகளில் வந்தது. பெண்பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்ட காலம் அது!

பள்ளி திறந்தவர்களின் நோக்கம் மதம் பரப்புவது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மெதடிஸ்த சபை இந்த மண்ணில் சிறிய சபையாகவே இருந்தது. வகுப்பில் இருந்தவர்களில் சைவப் பிள்ளைகள் ஏராளம். கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையில் படித்த காரைதீவுச் சிறுவன்தான் பின்னாளில் சுவாமி விபுலானந்தர். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்தர்களின் வெஸ்லியன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், வெளியேறிச் சைவப் பள்ளிகளைத் தொடங்கினார். மிஷன் பள்ளிக்குப் போட்டிப் பள்ளி வந்ததையும் நான் சபையின் கணக்கில்தான் சேர்ப்பேன்.

யாழ்ப்பாணம் போன இருவரில் ஒருவரான லிஞ்ச் 1817இல் சென்னைக்குப் போய் ஊழியம் தொடங்கினார். இராயப்பேட்டை வெஸ்லி ஆலயத்தின் தொடக்கம் அதுதான். அங்கிருந்த மெதடிஸ்த சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்துவிட்டது. இலங்கையில் மெதடிஸ்தர்கள் தனியாகவே நின்றார்கள். 1964இல் பிரித்தானியச் சபையின் பிடியிலிருந்தும் விலகித் தன்னாட்சி பெற்றார்கள்.

அதற்குச் சற்று முன்பு, 1960, 61இல், உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது மத்திய கல்லூரியும் கைமாறியது. ஆசிரியர் நியமனமும் நிர்வாகமும் அரசிடம் போயின. ‘மெதடிஸ்த’ என்ற பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை.