துவக்கும் அனுமதிப்பத்திரமும்



எங்கள் தீவகத்தில் துப்பாக்கியைத் துவக்கு என்போம். நாரந்தனையில் எனது பெரியப்பாவிடம் ஒரு வேட்டைத் துவக்கு இருந்தது. தோட்டத்தில் காகம் கலைக்கவும் கள்ளரை வெருட்டவும் அது உதவியது. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கப் பெரியப்பா யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் போய்வருவார்.

எண்பதுகளில் ஒருநாள் இரவு பெடியன்கள் சிலர் வந்தார்கள். "ஐயா, துவக்கைத் தாங்கோ" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். பெரியப்பா கொடுத்துவிட்டார். அனுமதிப்பத்திரம் மட்டும் பெட்டகத்தில் மிஞ்சியது.

அமெரிக்க அரசியலமைப்பில் 1791இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறுகிறது. ஆட்சி கொடுங்கோன்மையானால் அதை எதிர்க்க மக்களிடம் ஆயுதம் இருக்கவேண்டும் என்பது அங்கே ஒரு சாராரின் வாதம். எங்கள் மண்ணிலும் அப்படிப் பேசினோம். ஆனால், துவக்கு ஏந்தியவர்கள் பெருகினார்களே தவிர, மக்களின் பயம் குறையவில்லை.

2001 நவம்பர் 28ஆம் திகதி. பொதுத் தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. வாக்குக் கேட்டுத் தீவகத்துக்கு வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினரை நாரந்தனையில் ஆயுதக் குழுவொன்று தாக்கியது. இருவர் உயிரிழந்தனர். வேட்பாளர் மாவை சேனாதிராசா உட்படப் பலர் காயமடைந்தனர். 2016இல்தான் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனை விதித்தது.

"வந்தவர்களிடமும் துவக்கு இருந்திருந்தால் தொட்டிருப்பார்களோ?" என்று ஊரில் ஒருவர் என்னிடம் கேட்டார். இருந்திருந்தால் இரண்டு பிரேதம் இருபதாகியிருக்கும் என்றேன். வாக்குக் கேட்கும் ஒழுங்கையில் இருபக்கமும் துவக்கு நின்றால், எந்த வீட்டுப் படலை திறக்கும்?

ஆனால், அவர் கேள்வியில் ஒரு நியாயம் உண்டு. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை, தமிழ் ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை அரசாங்கம் முப்பது நாள்களுக்குள் களையவேண்டும் என்றது. முதியவர் ஒருவரின் வேட்டைத் துவக்குக்கு வருடந்தோறும் கணக்குக் கேட்ட நாடு, தெருவில் திரிந்த இயந்திரத் துவக்குகளைக் களைய ஓர் உடன்படிக்கை எழுதவேண்டி வந்ததே!

சட்டத்துக்கு அடங்கியவனை மட்டும் கட்டுவது கட்டுப்பாடு ஆகாது. பலமுள்ளவன் கையிலுள்ள துவக்குக்கும் கணக்குக் கேட்கவேண்டும். பெரியப்பாவின் பழைய அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுவே தோன்றுகிறது.