கெல்ட்ரியாவும் திராட்சை ஜின்னும்

பழவேற்காடு என்றால் உங்களுக்கு ஏரியும் இறாலும் பூநாரையும் நினைவுக்கு வரும். வேதியியல் வாத்தியாரான எனக்கு முதலில் வருவது கெல்ட்ரியா கோட்டை. 1613இல் அதைக் கட்டிய டச்சுக்காரர்கள், தங்கள் நாட்டு கெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அந்த கெல்டர்லாந்துப் பகுதியில், 1495இல், ஒரு வணிகர் வீட்டுக் கையேட்டில் ஒரு செய்முறை எழுதப்பட்டது. திராட்சை மதுவை ஜூனிபர் காய், ஜாதிக்காய், கிராம்பு, ஏலக்காய், பட்டை, இஞ்சியோடு வாலையில் காய்ச்சி வடிப்பது. ஜின்னின் மூதாதை இதுதான். ஆண்டைக் கவனியுங்கள்: வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதே 1498இல்! அதற்கு முன்பே நம் பக்கத்துச் சரக்கு அந்த வீட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

பிறகு திராட்சை மது விலை ஏற, வடிப்பவர்கள் தானியத்துக்கு மாறினார்கள். இன்று பிரான்சின் கோன்யாக் பகுதியில் 'ஜிவைன்' ஜின்னை உனி பிளான் என்ற ஒயின் திராட்சையிலிருந்து வடிக்கிறார்கள், திராட்சைப் பூவையும் ஊறவைத்து. புதுமை என்று பேசப்படுவது உண்மையில் பழைய வழிதான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது வாலை. ஓமத் திராவகம் உங்கள் வீட்டில் இருந்திருக்குமே, அதுவும் வாலையில் இறங்கியதுதான். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் பள்ளிக்குக் கண்ணாடி வாலையோடு போனேன். இடித்த தனியாவை நீரில் கொதிக்கவிட்டோம். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக இறங்க, ஒரு மாணவி முகர்ந்து பார்த்து, "சார், இது மல்லி வாசனை இல்ல, பழ வாசனை" என்றாள். எவ்வளவு கூர்மையான மூக்கு! ஜூனிபருக்கு அடுத்தபடி ஜின்னுக்கு மணம் தருவது தனியாதான். அதன் எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்ற மணப்பொருள். கம்பம் பன்னீர் திராட்சையின் வாசனையிலும் அதே லினலூல் இருக்கிறது. பலசரக்குக் கடைத் தனியாவும் தேனி மாவட்டத்துத் தோட்டமும் ஒரே மூலக்கூறால் உறவு என்று சொன்னதும், கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட வாலையைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணத்தைப் பக்குவமாக வடித்தெடுக்கும் கைகள் நம் ஊரிலேயே உருவாக வேண்டும். ஏரிக்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாலை இருக்க வேண்டும். அந்த மாணவி வேதியியல் படிப்பாள் என்று நம்புகிறேன்.